வீட்டுக்குக் கேஸா பிளாஸ்மாவா

இரும்பு வெட்டறதுக்குக் கேஸ் கட்டர் வாங்கறதா பிளாஸ்மா வாங்கறதான்னு நாலு பேர்த்தைக் கேட்டுட்டு அஞ்சாவதாத்தான் எங்கிட்ட வந்திருக்கீங்க, அதானுங்க சார்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நாலு பேரும் நாலு விதமாச் சொல்லியிருப்பானுங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும், ஒரு நாள் கோவத்துல தூக்கி வீசினதுல வளைஞ்சு போச்சு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஏய், சாருக்கு மோர் கொண்டா! பதில் வராதுங்க. ஆனா மோர் வரும். பதில் ஏன் வராதுன்னு கேக்காதீங்க, நானே சொல்றேன்.

எம் பேரு நாச்சிமுத்து. பல்லடத்தச் சுத்தி எட்டுப் பத்து ஊர்ல கோழிப்பண்ணைக் கூண்டு, ஷெட்டு, கேட்டு எதப் பாத்தாலும் அதுல நான் வெட்டின இரும்பு ஒண்ணாவது இருக்கும். முன்னால ஒரு பட்டறையில முப்பது வருசம் இருந்தேன். அங்கத்த போர்மேனுக்கு வாய் நீளம். ஒரு நாள் ரெண்டு போட்டேன், பல்லு கீழ விழுந்துருச்சு. நல்ல மனுசன்தான், எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு. அதுக்காகப் பேசறதுக்கு ஒரு அளவு இல்லிங்களா? அன்னிக்கே வெளிய வந்து, வீட்டுக்குப் பின்னால இந்தக் கொட்டாயப் போட்டேன். இப்ப நானே மொதலாளி, நானே வேலையாளு. எவனும் ஒரு சொல் சொல்ல முடியாது.

இதுதாங்க நான் விக்கற செட்டு. கட்டர், ரெண்டு ஹோஸு, மூணு நாசில். கருப்பா நிக்கற ஆக்சிஜன் சிலிண்டர் ஏஜென்சிக்காரனோடது, அதை அவன் எடுத்துக்குவான். ரெகுலேட்டர் புதுசு, மாட்டிப் பத்து மாசந்தான் ஆகுது. பழசு என்னாச்சுன்னு பாக்கறீங்களா? அது எம் மச்சான் சென்னியப்பனோட போயிருச்சுங்க. அவன் எம் பொண்டாட்டிக்கு அண்ணன்.

சித்த இருங்க சார், எந்திரிக்காதீங்க. நான் சொல்றதக் கேட்டுட்டு வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லைன்னா போங்க. போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ஓய்வாயிட்டேன், தோட்டத்துல ஒரு ஷெட்டு, ரெண்டு கேட்டு நானே பண்ணிப் பாக்கோணும்னு போன்ல சொன்னீங்கல்ல? அதுக்குப் பதில் சொல்றேன். பத்து எம்எம்முக்கு மேல கனமான பிளேட்டுன்னா கேஸுதான். கரண்டு வேண்டாம், காட்டுக்குள்ள கூடத் தூக்கிட்டுப் போய் வெட்டலாம். ஆனா எவர்சில்வர் வெட்டாது, அலுமினியம் வெட்டாது. பிளாஸ்மான்னா எல்லாத்தையும் வெட்டும், வெட்டின எடம் மழுமழுன்னு இருக்கும். ஆனா கரண்டு வேணும், காத்துக்குக் கம்ப்ரஸர் வேணும், காத்துல ஈரம் வந்தா டிப்பு போயிரும். வீட்டோட வெச்சுக்கறதுக்கு எதுன்னா... இதையேதான் மூணு வருசத்துக்கு முன்னால சென்னியப்பனும் ஆரம்பிச்சான்.

அவனுக்குச் சோமனூர்ல பெரிய பட்டறை. கம்ப்யூட்டர் போட்ட மெஷின், நாலு ஆளு, கண்ணாடிக் கதவு வெச்ச ஆபீஸு. அவனும் சின்னதுல எங்கூட ஒரே பட்டறையில கரி அள்ளினவன்தான். நான் கொட்டாய் போட்ட புதுசுல ஒறம்பரையா விருந்துக்கு வந்திருந்தான். இலை போட்டு உக்காந்திருக்கறோம், துளசி பரிமாறிட்டு இருக்கறா. துளசிமணி, எம் பொண்டாட்டி. இவன் சொல்றான், "மாப்ள, வீட்டுல வெச்சுத் தொழில் பண்ணப் போற, கேஸ் வேண்டாம். எங்கிட்ட பிளாஸ்மா ஒண்ணு சும்மா கெடக்குது. நாளைக்கே வண்டியில போட்டுத் தாட்டி விடறேன், வெச்சுக்கோ."

சும்மா கெடக்குதாம். வெச்சுக்கோவாம். நான் என்ன அவன் வாசல்ல கையேந்திட்டு நின்னனா? சோத்துல கைய வெச்சவன் அப்படியே உக்காந்துட்டேன். அத்தோட விட்டிருந்தாப் பரவால்லிங்க. "வீட்டுல துளசி இருக்கறா மாப்ள, உனக்கும் கொஞ்சம் கோவம் ஜாஸ்தி, சிலிண்டர் பக்கம் கோவக்காரன் நிக்கக்கூடாது"ன்னான். எம் வீட்டுல உக்காந்து, எஞ்சோத்தத் தின்னுட்டு, எம் பொண்டாட்டி முன்னால. சொம்பு பக்கத்துல இருந்துச்சு. எடுத்து அடிச்சேன். புருவம் பொளந்து இலையில ரத்தம் ஊத்துச்சு.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. ம், நீங்க போஸ்ட் ஆபீஸு. உங்களுக்கு அந்த ரோசமெல்லாம் தெரியாது.

அவன் திருப்பி ஒண்ணும் பண்ணலை. துண்டால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, "நாளைக்குப் பேசிக்கலாம் துளசி, நீ அழுவாத"ன்னு அவ தலையத் தொட்டுட்டுப் போயிட்டான். எனக்கு அதுதான் இன்னும் எரிஞ்சுது. அவ அழுதா. "எவனுக்காகடி அழுவறே?"ன்னு கேட்டேன். "உங்களுக்காகத்தான்"னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லலை. அதுக்கும் வாங்கினா. மறுநாளே போய் இந்தக் கேஸ் செட்ட வாங்கியாந்தேன். அவன் பிளாஸ்மான்னு சொன்னதுக்காகவே கேஸு.

தப்பா நெனைக்காதீங்க, நான் தெனமும் அடிக்கற ஆளில்லை. குடிக்கமாட்டேன். பீடி கூடக் கெடையாது. காரணம் இல்லாம ஒரு நாளும் கை வெச்சதில்லை. எங்களுக்குக் கொழந்தை இல்லைங்க. அதுக்காக ஒரே ஒரு நாள் அடிச்சிருக்கேன், அது தப்புதான், அடுத்த நாளே பூ வாங்கிட்டு வந்து குடுத்தேன். அவ பொறந்த வீட்டுல அம்மாளும் இல்லை, அப்பனும் இல்லை. அந்த அண்ணன் ஒருத்தன், அவன் பொண்டாட்டி வசந்தாமணி ஒருத்தி. அவ்வளவுதான் அவளுக்கு நாதி. அதனால நானும் பாத்துத்தான் அடிப்பேன். எப்படி அடிச்சாலும் மூணாம் நாள் "சாப்புட வாங்க"ன்னு வந்துருவா. அதான் சார் குடும்பம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன், நல்லாக் கேட்டுக்குங்க. இந்தச் செட்டை வாங்கினா மொதல் சட்டம், எண்ணெய் படக்கூடாது. கிரீஸ் படக்கூடாது. எண்ணெய்க் கையோட தொடவே கூடாது. இங்க பாருங்க, ரெகுலேட்டர்ல அழுத்தம் காட்டற முள்ளுக்குக் கீழயே இங்கிலீஷ்ல எழுதியிருக்குது. துளசி எட்டாவதுதான், அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்னா, நான் தொழிலுக்குப் போன மொத மாசம் கிரீஸ் கையோட வால்வத் தொட்டேன். போர்மேன் ஸ்பேனராலயே மணிக்கட்டுல ஒண்ணு போட்டாரு. ஏனுங்கன்னு கேட்டேன். இன்னொண்ணு போட்டாரு. சாகற வரைக்கும் மறக்குமா? அதானுங்க சார் கத்துக்குடுக்கற மொற.

நானும் அவளுக்கு அப்படித்தான் கத்துக்குடுத்தேன். ஒரு வெள்ளிக்கெழமை, தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு இருந்தவ, தொவைக்கற கல்லு மேல ரெகுலேட்டர் கெடக்குதுன்னு எடுத்து ஓரமா அக்கட்ட வெச்சுட்டா. கன்னத்துல ஒண்ணு விட்டேன். "இதைத் தொடாத." "ஏனுங்க?"ன்னா. இன்னொண்ணு விட்டேன். அதுக்கப்புறம் ஏன்னு கேக்கவே இல்லை. இந்தக் கொட்டாய்ப் பக்கமே வர்றதில்லை. கூட்டறதுன்னாக் கூட சிலிண்டருக்கு நாலடி தள்ளியே வெளக்குமாத்த நிறுத்திருவா. அப்பாடா, புத்தியில ஏறிருச்சுன்னு இருந்தேன்.

ரெண்டு வருசம் ஒரு பிரச்சினையும் இல்லை. போன வருசம் ஆயுத பூசை வந்துச்சு. இந்தப் பக்கத்துல ஆயுத பூசைன்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியும். பட்டறையில இருக்கற ஒவ்வொரு சாமானையும் கழட்டி, கழுவி, தொடச்சு, எண்ணெய் பூசிப் பளபளன்னு வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுக் கும்பிடோணும். ஸ்பேனர்ல இருந்து சுத்தியல் வரைக்கும் ஒண்ணு விடக்கூடாது. அதுக்கு முந்தின வருசம் அவ ஒரு கட்டிங் பிளேயரத் துருவோட வெச்சுட்டா. சாமி முன்னால துருப்புடிச்ச சாமானை வெப்பாங்களா? அதையே எடுத்து அவ மேல வீசினேன். அதனால போன வருசம் காலையிலயே கண்டிசனாச் சொல்லிட்டேன். "நான் சந்தைக்குப் போறேன், பூசணிக்காய், பொரி, வாழக்கன்னு எல்லாம் வாங்கியாரோணும். நான் வர்றதுக்குள்ள எல்லாச் சாமானும் பளபளன்னு இருக்கோணும்."

அவ நின்னா. "அந்தச் சிலிண்டர்ச் சாமானுமாங்க?"

"எல்லாச் சாமானும்னா எல்லாச் சாமானுந்தான். காது கேக்கலியா?"ன்னுட்டு வண்டிய எடுத்துட்டேன். கூட்டமான கூட்டம் சார் அன்னிக்கு, பூசணிக்காய்க்காரனோட வேற சண்டை.

திரும்பி வந்து பாத்தா, வாழ இலையில எல்லாத்தையும் வரிசையா வெச்சிருக்கறா. ஸ்பேனர், கிரைண்டர், கட்டர், ஹோஸு, ரெகுலேட்டர். பித்தள அத்தனையும் தங்கமா ஜொலிக்குது. எனக்கே மனசு நெறஞ்சு போச்சு. பொய் சொல்லக்கூடாது, நல்லா இருக்குதுடின்னு சொன்னேன். கல்யாணமாகி இருவது வருசத்துல ஒரு பத்துத் தடவ அப்படிச் சொல்லியிருப்பேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தோசத்துல மெல்ல வந்து கேட்டா, "எங்கண்ணன நாளைக்கு ஒரு வாய் சாப்புட வரச் சொல்லட்டுங்களா? ரெண்டு வருசமாச்சு."

வரச்சொல்லுன்னேன். நான் என்ன கல் நெஞ்சுக்காரனா?

மறுநாள் விஜயதசமி. காலையில பத்து மணிக்கு வந்துட்டான் சென்னியப்பன். வெள்ளை வேட்டி, வெள்ளச் சட்டை, புருவத்துல நான் குடுத்த தழும்பு. கையில ஒரு பெட்டி மைசூர்பாகு. "என்ன மாப்ள, நல்லா இருக்கறயா"ன்னான். நல்லா இருக்கேன்னேன். துளசி சமையக்கட்டுக்கும் வாசலுக்கும் ஓடறா, அண்ணனப் பாக்கறா, என்னப் பாக்கறா, எங்க மறுபடி சண்டை வந்துருமோன்னு. நான் பொறுமையாத்தான் இருந்தேன். சாமி சாட்சியாச் சொல்றேன், அன்னிக்கு எனக்குக் கோவமே வரலை. கொஞ்சம் ரோசம் இருந்துச்சு, அவ்வளவுதான்.

விஜயதசமி அன்னிக்குப் புதுசாத் தொழில் தொடங்கோணும்ல? பூசையில வெச்ச சாமானை எடுத்து மாட்டி, சும்மானாச்சும் ஒரு துண்டு இரும்ப வெட்டி வெக்கோணும். வா மச்சான், என்னோட கேஸ் எப்படி வெட்டுதுன்னு பாத்துட்டு அப்புறம் உம் பிளாஸ்மாவப் பத்திப் பேசலாம்னு கொட்டாய்க்குக் கூட்டிட்டு வந்தேன். இதே எடந்தான். நீங்க இப்பக் காலை வெச்சிருக்கறீங்கல்ல, அங்கதான் நின்னான். காலை எடுக்க வேண்டாம் சார், கழுவியாச்சு.

ரெகுலேட்டர நாந்தான் மாட்டினேன். நட்டைத் திருகும்போது கையில வழுக்குச்சு. சந்தனமா இருக்கும்னு வேட்டியில தொடச்சுட்டேன். அவன் குனிஞ்சு பாத்தான். "என்ன மாப்ள, இவ்வளவு பளபளன்னு இருக்குது?"ன்னான். எனக்கு அதுதான் சுருக்குன்னுச்சு. நான் என்ன சாமானை அழுக்காவா வெச்சிருப்பேன்? நானும் பாத்தேன், பளபளன்னுதான் இருந்துச்சு. பூசை போட்டாப் பளபளன்னுதான இருக்கும்? நல்லெண்ணெய் வாசம் கூட வந்துச்சு. வெளக்குல இருந்து வருதுன்னு விட்டுட்டேன்.

உங்களுக்கும் சொல்லி வெக்கறேன், சிலிண்டரத் தொறக்கறதுக்கு ஒரு மொற இருக்குது. ரெகுலேட்டருக்கு நேரா நிக்கக்கூடாது, பக்கவாட்டுல ஒதுங்கி நிக்கோணும். சாவியப் போட்டு மெல்ல, நொம்ப மெல்ல, கால்வாசித் திருப்பு. முள்ளு ஏறறதப் பாத்துட்டு அப்புறம் மிச்சம். வேகமாத் தொறந்தா உள்ள இருக்கற அழுத்தம் மொத்தமா ஒரே நேரத்துல வந்து மோதும். இதை மட்டும் மறக்காதீங்க.

தொடங்கி வைன்னு மச்சான் கையிலயே சாவியக் குடுத்தேன். மரியாதை குடுக்கறதுன்னா முழுசாக் குடுக்கோணும்ல? அவன் ஒதுங்கி நின்னு, மெல்ல, காக்காப்பொன்னத் தொடற மாதிரி ஒரு நூலு திருப்பறான். திருப்பிட்டே, "மாப்ள, இதுக்குத்தான் சொன்னேன், வீட்டுல..."ன்னு மறுபடி ஆரம்பிச்சான். துளசி அங்க வாசப்படியில நிக்கறா. அவ முன்னால மறுபடியும் அதே பேச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க. "என்னடா பொம்பளையாட்டத் தொறக்கற? கிட்ட வா. நேரா நின்னு ஒரே திருப்பாத் திருப்புடா, ஆம்பளையா இருந்தா!"ன்னேன்.

நேரா வந்து நின்னு ஒரே திருப்பாத் திருப்பினான்.

சத்தம் வந்தது கூட எனக்கு ஞாபகம் இல்லைங்க. வெள்ளையா ஒரு வெளிச்சம். ரெகுலேட்டர் மண்டை பிச்சுக்கிட்டு அவன் தாடையில எறங்கிருச்சு. பித்தளத் துண்டு ஒண்ணு கழுத்துல. அதுல கூடப் பொழைச்சிருப்பான். ஆனா ஆக்சிஜன் நிக்காம அவன் மேலயே அடிக்குது. சட்டை பத்திக்கிச்சு. ஆக்சிஜன் அடிக்கற எடத்துல துணி எரியறது எப்படி இருக்கும்னு நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எரியறதில்லைங்க, காணாமப் போகுது. துணியும் போகுது, அதுக்குக் கீழ இருக்கறதும் போகுது. அவன் கத்தறான், வாயில சத்தம் வரலை, தாடைதான் இல்லையே.

நான் ஓடலைங்க. ஓடிட்டேன்னு வசந்தாமணி ஊரெல்லாம் சொல்றா. நான் ஒரு நாலடி பின்னால வந்தேன், அவ்வளவுதான். சிலிண்டரே வெடிச்சா மூணு வீடு போயிரும், யாராச்சும் ஒருத்தர் உயிரோட இருந்து ஆளக் கூப்புட வேண்டாமா? துளசிதான் பாஞ்சா. வெறுங்கையில சட்டையப் பிச்சு எறிஞ்சா. அப்புறம் அந்த நெருப்புக்குள்ளயே கைய விட்டு வால்வ மூடினா. சாவி கொதிச்சுட்டு இருந்திருக்கும். தோல் சாவியோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. தொடாத தொடாதன்னு அடிச்சுச் சொன்னத அப்பவும் போய்த் தொட்டா பாருங்க.

மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். துளசி ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டுக்கிட்டு வராண்டாவுல தரையில உக்காந்திருந்தா. அப்பத்தான் கேட்டேன், என்னடி பண்ணித் தொலைச்சேன்னு. அப்ப சொல்றா, "நான் கையே படலீங்க. தலைக்குத் தண்ணி வாத்துட்டு, புதுத் துணியில நல்லெண்ணெய் தொட்டுத்தான் தொடச்சேன். கை படவே இல்லீங்க."

புத்தியப் பாத்தீங்களா சார்? எண்ணெய் பட்டதுக்கு அடிச்சா, கை பட்டதுக்கு அடிச்சேன்னு இவளா நெனச்சுக்கிட்டா! தீட்டு, சுத்தம் அப்படின்னு ஏதோ ஒண்ண மனசுல போட்டுக்கிட்டு, குளிச்சு முழுகி, கை படாமப் பக்தியா எண்ணெயப் பூசி, ரெகுலேட்டர் வாய்க்குள்ள எல்லாம் விட்டுத் தொடச்சிருக்கறா. இப்படி ஒரு கூறுகெட்டவள வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அந்த வராண்டாவுலயே சொன்னேன், "நீ தொட்டதாலதாண்டி போறான் உங்கண்ணன். தொடாதன்னேன், தொட்டே. நீதான் கொன்னே."

அவ்வளவுதான். அன்னிக்கு மூடின வாய்.

எழவு வீட்டுல வசந்தாமணி ஓடி வந்தா. என்னதாண்டா ஆச்சுன்னு எஞ்சட்டையப் புடிச்சா. இவள இழுத்து முன்னால நிறுத்தினேன். இவ தொடக்கூடாததத் தொட்டா, அதான் ஆச்சுன்னேன். எல்லார் முன்னாலயும் ரெண்டு அறை விட்டேன். அடிக்காம இருந்தா என்ன நெனப்பாங்க? மச்சான் செத்ததுக்கு இவனுக்கு ஒரு வருத்தமும் இல்லைன்னு நெனப்பாங்க. வசந்தாமணி இவ தலைமுடியப் புடிச்சு வாசலுக்கு இழுத்துட்டு வந்து, "எம்புருசனைத் தின்னவளே, செத்தாலும் இந்தப் படி ஏறாத"ன்னு தள்ளினா. இவ விழுந்த எடத்துலயே கெடந்தா. கையில கட்டு, ஊனி எந்திரிக்க முடியலை. நாந்தான் தூக்கிட்டு வந்தேன். அதெல்லாம் யாரும் சொல்லமாட்டாங்க.

போலீஸ் வந்து கேட்டப்ப, ரெகுலேட்டர் பழசுங்க, தானா வெடிச்சுருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவளக் காட்டிக் குடுக்கலை. அந்த நன்றியாச்சும் இருக்க வேண்டாமா? பதினோரு மாசமாச்சு சார். ஒரு சொல், ஒரே ஒரு சொல்? சோறு வரும், தண்ணி வரும், துணி தொவைச்சு வரும். பேச்சு வராது. அடிச்சும் பாத்தேன். கும்புட்டும் பாத்தேன், சிரிக்காதீங்க, காலத் தொட்டுக் கும்புட்டேன். செவுத்தப் பாத்துட்டு நிக்கறா. கொன்ன பாவம் உள்ள இருந்து அரிக்குது, வேறென்ன?

அதான் யோசிச்சேன். இந்தச் செட்டு கண்ணு முன்னால இருக்கற வரைக்கும் அவ சரியாக மாட்டா. இதைத் தாட்டி விட்டுட்டுப் பிளாஸ்மா வாங்கிரலாம். மச்சான் சொன்னதக் கேட்ட மாதிரியும் ஆச்சு. போன மாசம் வசந்தாமணி வீட்டுக்கே போனேன். அந்தப் பிளாஸ்மா இன்னும் சும்மாதான கெடக்குது, எனக்குன்னு அவன் வாயாலயே சொன்னதுதானன்னு கேட்டேன். காறித் துப்பிட்டா சார் மூஞ்சியில. மனுசத்தன்மையே இல்லை இந்தக் காலத்துல.

என்னங்க சார்? ஏன் படக்கூடாதுன்னா? எண்ணெய் ஏன் படக்கூடாதுன்னு கேக்கறீங்களா?

அட, அது ஒண்ணுமில்லைங்க, ரெண்டு நிமிச விசயம். ஆக்சிஜன் தானா எரியாது, எரியறத நூறு மடங்கு எரிய வெக்கும். சிலிண்டருக்குள்ள அது பயங்கரமான அழுத்தத்துல இருக்குது. டக்குன்னு தொறந்தா, அந்த அழுத்தம் மோதற எடம் சூடாயிரும். அங்க ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாப் போதும், தீக்குச்சியே வேண்டாம், தானாப் பத்திக்கிட்டு வெடிக்கும். கை பட்டா ஒண்ணும் ஆகாது. கழுவின கையோட கொழந்தை தொட்டாக் கூட ஒண்ணும் ஆகாது. எண்ணெய்தான் விசயம். எண்ணெயும், வேகமாத் தொறக்கறதும். ரெண்டும் சேந்தா ஆளு காலி. எண்ணெய் பட்டது தெரிஞ்சா அப்படியே கழட்டி வெச்சுட்டு ஏஜென்சிக்குப் போன் பண்ணிரோணும். வழுக்குனாலோ, பளபளன்னு இருந்தாலோ, வாசம் வந்தாலோ தொறக்கவே கூடாது. இது தொழில் தெரிஞ்ச எவனுக்கும் தெரியும்.

எங்க பாக்கறீங்க? ஓ, மோர் வந்துருச்சா. குடுத்துட்டுப் போ துளசி. ஏன் நிக்கறே? எவ்வளவு நேரமா நிக்கறே? டம்ளரச் சார் கையில குடு. என்னடி, மோரெல்லாம் கீழ...

சார்! சார்! கேட்டீங்களா? பேசிட்டா! பதினோரு மாசங்க! நான் சொன்னனா இல்லையா, இந்தச் செட்டு வெளிய போகுதுன்னு தெரிஞ்சாலே சரியாயிருவான்னு! என்ன சொன்னே துளசி, இன்னொரு தடவ சொல்லு கண்ணு. என்னது சார் சொன்னா? "இப்ப இவரு சொன்னத எல்லாம் எங்க அண்ணிகிட்ட வந்து சொல்லுவீங்களாய்யா"வா? எங்கிட்டப் பேசலையா? உங்ககிட்டயா கேட்டா?

பரவால்ல. யார்கிட்டயோ, பேச்சு வந்துருச்சுல்ல. ஏய், உள்ள போ. போய்ச் சாருக்கு வேற மோர் கொண்டா. எங்கடி போறே? செருப்பு எதுக்கு? சார், நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க, நாம இன்னும் செட்டைப் பத்தியே பேசி முடிக்கலை. செட்டை ஏத்தக் கொண்டாந்த வேனோட கதவ எதுக்குத் தொறந்து விடறீங்க? அவ எம் பொண்டாட்டிங்க. எறங்குடி. எறங்குங்கறேன்ல! குறுக்க வராதீங்க சார், வயசான மனுசன்னு பாக்கறேன், இல்லைன்னா... கைய விடுங்க. நான் அடிக்கலை. சரி, அடிக்கலை, கைய எறக்கிட்டேன், பாருங்க.

போகட்டும். போய்ச் சொல்லட்டும். எண்ணெய்தான, பூசினது இவதான, நானா பூசினேன்?

சார், சித்த நில்லுங்க. வண்டிய எடுக்காதீங்க. செட்டைச் சும்மாவே எடுத்துக்குங்க, ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு விசயம். வசந்தாமணிகிட்ட எண்ணெயப் பத்தி மட்டும் சொல்லுங்க. அந்தப் பளபளப்பு, வாசம், நான் ஒரே திருப்பாத் திருப்புன்னு சொன்னது, அதெல்லாம் எதுக்குங்க. எண்ணெய மட்டும் சொல்லுங்க சார்.